மூன்று இரவும் ஒரு குரலும்: சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில்

நடுக்கடலில் சிக்னல் கிடையாது. அதனால் அன்றன்று நோட்டில் எழுதி வைத்ததை இப்போது நாள் வாரியாகப் போடுகிறேன். முதல் மூன்று நாளில் ஒருவரைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் திருத்தவில்லை. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் – ஜனவரி 21, செவ்வாய்

அந்தமானின் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) விமானத்தில் போனால் இரண்டேகால் மணி நேரம். கப்பலில் மூன்று இரவு, 1,350 கிலோமீட்டருக்கும் மேல். கப்பல்தான் என்று பிடிவாதம் பிடித்தது அம்மா. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள். 63 வயது வரை கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. "ஒரு தடவையாவது அது மேல போயிட்டு வந்துடணும்" என்று ஐந்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலை 10 மணிக்கே துறைமுகத்துக்குள் வந்துவிட வேண்டும் என்றார்கள். கப்பல் நகர்ந்தது இரவு ஏழேகாலுக்கு. நடுவில் அத்தனை நேரமும் ஒரு பெரிய கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். ஏன் தாமதம் என்று யாரும் சொல்லவில்லை. ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்குப் போகிற பையன்கள், வங்காளக் குடும்பங்கள், ஸ்ரீகாகுளத்துக்காரர்கள், நம் ஆட்கள் என்று எல்லோரும் மூட்டைகளில் சாய்ந்து தூங்கினார்கள். அம்மா கட்டி வந்த புளியோதரையில் பாதி அங்கேயே தீர்ந்துபோனது. பக்கத்தில் இருந்த வங்காளப் பெண்மணி ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பதிலுக்கு நாலு சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்.

கயிற்றை அவிழ்க்கும்போது எல்லோரும் மேல்தளத்துக்குப் போனோம். மெரினா கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்து எங்கள் முகத்தில் பட்டுவிட்டுப் போனது. யாரும் பேசவில்லை. அம்மா கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

"இப்ப மணி ஏழேகால். கயித்தை அவுத்துட்டாங்க. இந்தச் சத்தம் கேக்குதா? கேக்குதா?"

அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சாம்பல் நிற அரைக்கைச் சட்டை, நரைத்த முள்தாடி. ஒரு பழைய செல்போனை வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். சத்தமாகவே பேசினார். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, போனைத் தண்ணீர்ப் பக்கமாக நீட்டினார். சென்னை விளக்குகள் மங்கி மறைகிற வரைக்கும் நிறுத்தவில்லை. எனக்கு அந்த நேரமே கெட்டுப்போன மாதிரி ஆகிவிட்டது.

கீழே இறங்கி எங்கள் படுக்கையைத் தேடிப் போனால், எதிர்ப் படுக்கையில் அவரேதான் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் – ஜனவரி 22, புதன்

விடிகாலை நாலரை மணி. பங்க் வகுப்பு என்பது ரயில் பெட்டி மாதிரி மேலும் கீழுமாகப் படுக்கைகள் போட்ட ஒரு பெரிய கூடம். ஏசி குளிர், டீசல் வாசனை, ஐம்பது பேருடைய மூச்சு. அந்த இருட்டில், "எல்லாரும் தூங்குறாங்க. எஞ்சின் சத்தம் தலையணைக்குள்ள வருது, கேக்குதா?" என்று ஒரு குரல். போனைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். மேல் படுக்கைப் பையன் இந்தியில் ஏதோ திட்டினான். அவர் "சரி பேட்டா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பேசினார்.

யூடியூப் ஆசாமி என்று முடிவு கட்டினேன். இந்த வயதிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாரே என்று எரிச்சல். ஒன்று மட்டும் புரியவில்லை. படம் எடுப்பவர் கேமராவைக் கைக்குட்டையால் மூடுவாரா?

காலைச் சாப்பாடு பூரி, உருளைக்கிழங்கு. டீ 10 ரூபாய். பூரி ஆறிப்போயிருந்தாலும், கிழங்கில் கடுகெண்ணெய் வாசனையோடு நன்றாகவே இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் அவர். பரிமாறுகிறவரிடம் போனை நீட்டி, அந்தக் கரண்டியால் தட்டை இன்னொரு தடவை தட்டச் சொன்னார். அந்த ஆளும் சிரித்துக்கொண்டே தட்டினார். பின்னால் முப்பது பேர் நிற்கிறோம். "ஐயா, கொஞ்சம் நகருங்க" என்றேன். நகர்ந்தார். அது அவர் மனதில் தைத்ததாகவே தெரியவில்லை.

பத்து மணிக்குக் கடல் கருநீலமாகிவிட்டது. கப்பலின் மூக்கு கிழிக்கிற அலையிலிருந்து, ஒரு கைப்பிடி வெள்ளிக் காசை வீசினது போலச் சின்ன மீன்கள் எழும்பி, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே பறந்து போய் விழுந்தன. அம்மா என் கையைக் கிள்ளிவிட்டாள். "கோலாடி! கோலா மீன்! வைகாசி ஆனியில ஊர்ல கூடை கூடையா வரும். பறக்குறத இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பக்கத்திலிருந்து உடனே குரல்: "கோலா மீனாம். நாகப்பட்டினத்து அம்மா ஒருத்தங்க சொல்றாங்க. ஏழு, எட்டு, ஒம்போது. விழும்போது சத்தமே இல்ல. கடல் இப்ப நாவப்பழத்தைக் கசக்கின கலர்."

அம்மா அவரிடம் கோலாக் குழம்பு வைக்கிற விதத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

மதியத்துக்கு மேல் கப்பல் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. அவோமின் மாத்திரை போட்டும் அம்மாவுக்கு நிற்கவில்லை. நாலு தடவை வாந்தி. முகம் வெளுத்து, என் மடியில் தலை வைத்துக் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். அந்த நேரத்தில் அவர் வந்து குனிந்தார். கையில் அதே போன், அதே கைக்குட்டை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒரு மனுஷிக்கு முடியல. அதையும் பதிவு பண்ணுவீங்களா? உங்களால ராத்திரி தூக்கம் போச்சு, இப்ப இது வேறயா? போங்க அந்தப் பக்கம்!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. போன சிறிது நேரத்தில் கவனித்தேன், அம்மாவின் கால்மாட்டில் ஒரு பொட்டலம் இருந்தது. உப்புப் போட்டுக் காயவைத்த நெல்லிக்காய். அம்மா ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டாள். அரை மணியில் தூங்கிவிட்டாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. நெல்லிக்காய் கொடுத்துவிட்டால் செய்ததெல்லாம் சரியாகிவிடுமா என்றுதான் தோன்றியது.

மூன்றாம் நாள் – ஜனவரி 23, வியாழன்

கடல் ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. நேற்றைய கடல்தானா என்று சந்தேகம் வருகிறது. அம்மா எழுந்து குளித்து, பிரெட் ஆம்லெட் சாப்பிட்டாள்.

இன்றைக்கும் நாலரைக்கே குரல் வந்தது. வெளியே கதவோரம் நின்று பேசினாலும் எனக்கு விழிப்புத் தட்டிவிட்டது. விடிந்ததும் அவர் சொன்ன ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதை நானாகக் கவனித்திருக்க மாட்டேன். "நேத்து சூரியன் ஆறு இருவத்தெட்டுக்கு வந்துச்சு. இன்னிக்கு ஆறு பத்து. கடிகாரம் அதேதான். நாமதான் கிழக்கே போய்க்கிட்டு இருக்கோம்." இந்தியா முழுக்க ஒரே நேரம் என்பதால், கிழக்கே போகப் போக விடியலும் அந்தியும் முன்னால் வந்துவிடுகின்றன. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிட்டது.

நாள் முழுக்க அவர் கப்பலைச் சுற்றினார். ராஞ்சிப் பையன் ஒருவனைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். சமையல்கட்டு வாசலில் அரிசி களைகிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் போனை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு குட்டிப் பெண்ணிடம் இரும்புப் படிகளை எண்ணிக்கொண்டே ஏறச் சொன்னார். அது பதினாலு வரை எண்ணிவிட்டு, "தாத்தா, மறுபடியும்?" என்றது. மறுபடியும் ஏறினார்கள்.

"இவருக்கு எதுக்கும்மா இதெல்லாம்? யாரு பாக்கப் போறா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு உங்க பெரியப்பா ஞாபகம் வருது. சவூதியில இருந்தப்போ கேசட்ல பேசி அனுப்புவாரு. 'இப்போ நான் டீ போடுறேன், ஸ்டவ் சத்தம் கேக்குதா'ன்னு. உங்க பெரியம்மா ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டுக் கேப்பாங்க. இவரும் யாருக்கோ கடுதாசி போடுறாரு."

அது அந்தக் காலம், இப்போதுதான் வாட்ஸ்அப் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். அம்மா அதற்குமேல் பேசவில்லை.

இரவு 11 மணி. எங்கள் வரிசையில் வேலை செய்கிற பிளக் ஒன்றுதான். அதில் மூன்று நாளாக அவருடைய சார்ஜர்தான் தொங்குகிறது. என் போனில் 6 சதவீதம். நாளைக் காலை தீவு தெரியும்போது படம் எடுக்க வேண்டும். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடையதைக் கழற்றிவிட்டு என்னுடையதைச் செருகினேன். மூன்று நாளில் ஒரு ராத்திரி எனக்கும் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் – ஜனவரி 24, வெள்ளி

இன்று என்னை எழுப்பியது நிசப்தம். மணி ஐந்தரை. குரல் இல்லை. எதிர்ப் படுக்கை காலி. நிம்மதியாகத்தான் எழுந்தேன். முழு சார்ஜ் ஏறிய போனை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

கம்பியோரம் அவர் நின்றார். கையில் கைக்குட்டை சுற்றிய போன். வாய்க்குப் பக்கத்தில் இல்லை, சும்மா நெஞ்சோடு பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் விட்டார். முந்தாநாள் கத்தினவள் என்று கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

"இன்னிக்குப் பேசலையா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"சார்ஜ் இல்லம்மா. ராத்திரி கரெண்ட் போயிருச்சு போல. பழைய பேட்டரி, இப்பப் போட்டா உயிர் வரவே முக்கால் மணி ஆவும். அதுக்குள்ள தீவு வந்துரும்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கரை வாசனை வர்ற நேரத்துல சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன். அதுதான் அவளுக்குப் பிடிக்கும்."

"யாருக்கு?"

"வீட்டுக்காரிக்கு. அவளுக்குக் கண்ணு தெரியாது."

கண் அழுத்தம். நாலு வருடத்துக்கு முன்னால் முழுசாகப் போய்விட்டது. இதே கப்பலில் மூன்று தடவை சென்னைக்குக் கூட்டிப் போயிருக்கிறார், இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று சொல்லும் வரை. அதற்கப்புறம் அந்தம்மாவுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த முறை கூடலூரில் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தனியாகப் போனார். போகிறபோது அந்தம்மா சொன்னது ஒன்றுதானாம்: "எல்லாத்தையும் கொண்டு வந்துருங்க."

"காத்து அடிச்சா வெறும் பர்ர்ருன்னுதான் கேக்கும். அதுக்குத்தான் துணி" என்று கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினார். இரண்டு மடிப்பு. ஓரத்தில் நீல நூலில் ஒரு பூ. நூல் ஒரு இடத்தில் தடம் மாறி, தடவித் தடவிப் போட்ட தையல் என்று தெரிந்தது.

"கரெண்ட் போகலைய்யா. நான்தான் கழட்டினேன்."

சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எழுப்பிக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேம்மா" என்றார். அவ்வளவுதான்.

என் போனில் ஒலிப்பதிவைத் திறந்து அவரிடம் நீட்டினேன். அவர் கைக்குட்டையைச் சுற்றி, திரும்ப என்னிடமே கொடுத்தார். "நீ பேசு. உனக்குத்தான் இது புதுசு. எனக்குப் பாத்துப் பாத்துப் பழகிருச்சு."

துறைமுகம் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. கப்பல் தெற்கே சுற்றி வந்து மேலே ஏறுகிறது. இடது பக்கம் கரை. முதலில் ஒரு கோடு, அப்புறம் மேடு, அப்புறம் மரங்கள். ஈர மண்ணும் அழுகின இலையும் கலந்த வாசனை ஒன்று முகத்தில் வந்து மோதியது. மூன்று நாள் உப்புக் காற்றுக்கு அப்புறம் அந்த வாசனை நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. எனக்குப் பேச வரவில்லை. நான் எழுதுகிறவள். ஊர் ஊராகப் போய் வந்து எழுதுகிறவள். "கரை தெரியுதும்மா… பச்சையா இருக்கு. ரொம்பப் பச்சை…" இதற்குமேல் வார்த்தை கிடைக்காமல் திணறினேன். அவர் பக்கத்தில் நின்று, "வாசனையைச் சொல்லு" என்றார். சொன்னேன். நார்த் பே கலங்கரை விளக்கம் தெரிந்ததும் அம்மா ஓடி வந்து, பர்சிலிருந்து பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டை எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் இருப்பது இந்த இடம்தானாம், அவர் நேற்றே சொல்லி வைத்திருக்கிறார். கப்பல் ஊதியது. அதுவும் பதிவானது.

ஹாடோ துறையில் இறங்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றார். நேரில் கொண்டு வருகிறேன் என்றேன்.

மத்தியானம் செல்லுலார் சிறைக்குப் போனோம். 1906-இல் கட்டி முடித்தது. ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிச்சம். ஒவ்வொரு சிறகின் முன்பக்கமும் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள், ஒரு கைதியின் முகம் இன்னொருவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று. அம்மா ஒரு கொட்டடிக்குள் போய் நின்றாள். நான் வெளியே இருந்து கூப்பிட்டேன். உள்ளே குரல் எப்படிக் கேட்டது என்று வெளியே வந்து சொன்னாள். வேறு எதையும் இன்று எழுதத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் – ஜனவரி 25, சனி

அபர்தீன் பஸ் ஸ்டாண்டிலிருந்து காரச்சர்மா போகிற பஸ். கண்டக்டர் இந்தியில் கேட்டார், அம்மா தமிழில் சொன்னாள், அவர் தமிழிலேயே சில்லறை கொடுத்தார். தகரக் கூரை போட்ட சின்ன வீடு. வாசலில் பாக்கு மரம், பக்கத்தில் துணி காயப்போடும் கயிறு. கிணற்றடியிலிருந்து வாசல் வரைக்கும் இடுப்பு உயரத்தில் இன்னொரு கயிறு கட்டியிருந்தது. கை பட்டுப் பட்டு அது பளபளவென்றிருந்தது.

"வணக்கம்மா" என்றேன்.

உள்ளே இருந்து வந்த அம்மாள் கதவைப் பிடித்தபடி நின்றார். தலையை லேசாகச் சாய்த்தார். "இந்தக் குரல்… கப்பல்ல சத்தம் போட்ட பொண்ணுதானே?" எனக்குக் காலடியில் தரை நழுவின மாதிரி இருந்தது. அதுவும் பதிவில் இருந்திருக்கிறது. அவர் அழிக்கவில்லை. அந்தம்மா கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "அம்மாவுக்கு வாந்தி நின்னுச்சா? ராத்திரி அதக் கேட்டதுல இருந்து அதே கவலை. நீ பயந்துட்ட, குரல்லயே தெரிஞ்சுது."

அம்மா முன்னால் போய், "நின்னுருச்சும்மா, உங்க நெல்லிக்காய்தான்" என்றாள். அந்த நெல்லிக்காய் இந்தம்மா போட்டது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

சுறாப் புட்டு, ரசம், வாழைத்தண்டு. சாப்பிடும்போது ஐயா பேசிக்கொண்டிருந்தார். இலங்கை மலையகத்தில் பிறந்து, சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் மண்டபம் முகாமுக்கு வந்து, 1970களில் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். அந்தக் கப்பலில்தான் இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்கள். 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் கச்சாலை விட்டு இங்கே வந்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் அந்த ஒரு வரிதான் சொன்னார். நானும் கேட்கவில்லை.

கை கழுவியதும் என் பதிவைப் போட்டேன். அந்தம்மா போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். கரை வாசனை வந்த இடத்தில் மூச்சை உள்ளே இழுத்தார். கப்பல் ஊதியபோது சிரித்தார். முடிந்ததும் போனை மடியில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"பச்சைன்னு சொன்னியே, எந்தப் பச்சை?"

கண்ணை மூடி யோசித்தேன். "மேல மேல முருங்கைக்கீரைப் பச்சைம்மா. கீழ, துறைமுகத்துக்குள்ள வந்தப்புறம், தண்ணி தொடுற இடத்துல மட்டும் வேற. ஊறவச்ச பச்சைப்பயறோட தோல் மாதிரி, கொஞ்சம் மஞ்சள் கலந்து."

"அது தண்ணிக்குள்ள நிக்கிற காடு. வேர் தெரிஞ்சுதா?"

"இல்லம்மா. இலைதான் தெரிஞ்சுது."

"அப்போ தண்ணி ஏறியிருந்திருக்கு" என்றார். "நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க."